முதல் கூடை விழும்வரை

இருபத்தோரு வருடம் என் பக்கத்து இருக்கையில் இருந்தவளுக்கு,

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சென்டராக ஆடிய டேரல் வேறு கல்லூரிக்குத் தாவிவிட்டான். அவனுக்குப் பதிலாக ஒஹாயோவிலிருந்து ஏழடி உயரத்தில் ஒருவனைக் கூட்டி வந்திருக்கிறார்கள். கூடைக்கு நேர் கீழே நின்றும் பந்தைத் தவறவிடுகிறான்.

நம் பையன்கள் முதல் கூடை போடும்வரை இண்டியானாவில் இந்த அரங்கத்தில் யாரும் உட்காருவதில்லையே. நேற்று ஆறு நிமிடம் நின்றோம். என் முழங்கால் உனக்குத் தெரியும்.

"ஏணி வச்சுக் குடுத்தாலும் இவன் போடமாட்டான்" என்றேன்.

பின்வரிசை எல்வுட் சலித்துக்கொண்டான். "போனவனையே எத்தன நாளைக்குப்பா பேசுவ? வந்தவனுக்கு ஒரு தடவையாவது கை தட்டேன்."

இந்த வருட சீசன் டிக்கெட்டை நீ புதுப்பிக்காமல் விட்ட இருக்கையில் இப்போது ஒரு பெண்மணி. ஆட்டம் தொடங்கியதுமே உட்கார்ந்துவிட்டாள். வழக்கத்தைச் சொல்லி நான்தான் எழுப்பினேன். முணுமுணுக்காமல் நின்றாள், அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாக அந்த ஏழடிக்காரனே கூடை போட்டான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் என் சட்டைக் கையை இழுத்தாள்.

"போட்டாச்சு சார். இன்னும் யாருக்காக நிக்கிறீங்க?"

நீ விட்டுப்போன சிவப்புத் தொப்பி நம் வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. தபாலில் அனுப்பமாட்டேன். வந்து எடுத்துக்கொள்.

இன்னும் அதே வரிசையில்,
நான்