திரை வராத வாரம்

மார்ச் 7, வெள்ளி

துணிக்கடை லிஃப்டுக்குக் கயிறு மாற்றி முடித்தோம். இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. ஞாயிறு வந்துவிட்டால் போதும். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் மகள் குட்டி அவள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் என்னோடு கம்ப்யூட்டரில் விளையாடுவாள். அவள் இருப்பது அம்மாவோடும், அம்மாவின் புதுக் கணவரோடும்.

மார்ச் 9, ஞாயிறு

பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம் — விளையாட்டில்தான். குட்டி முன்னால், நான் வழக்கம்போல் பின்னால். குக்கர் விசில் அவளுக்குக் கேட்க வேண்டாமே என்று மைக்கை அணைத்தேன். அடுத்த நொடி திரை இருண்டது. விசிறி சுற்றியது, ஹெட்போனில் சத்தமும் வந்தது. படம் மட்டும் இல்லை. மைக்கைத் திறக்கும் பொத்தான் எங்கே என்றும் தெரியவில்லை.

"அப்பா? என்னப்பா மரம் மாதிரி நிக்கிற?"

நான் லைனில் இல்லை என்று நினைத்துவிட்டாள்போல. பிறகு தூரத்தில் அவள் அம்மா: "இன்னும் சொல்லலையாடி?"

"வெளிநாடு போறோம்னு சொன்னா அப்பா தாங்க மாட்டாரும்மா. இனிமே ஞாயித்துக்கிழமையும் கிடையாது. அவரு விளையாடுற நேரம் அங்க நடுராத்திரி."

"அதுக்காகச் சொல்லாமலே ஏறிடுவியா?"

கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்தேன். குக்கர் அடிப்பிடித்துவிட்டது. தாங்க மாட்டேனா? தாங்கித்தானே ஆகணும் — எனக்குன்னு வேற யாரு இருக்கா?

மார்ச் 10, திங்கள்

குட்டி போன் செய்தாள். திரை போய்விட்டது என்றேன். காதில் விழுந்ததைச் சொல்லவில்லை.

போன விடுமுறையில் இந்தப் பெட்டியை நாங்கள்தான் பாகம் பாகமாகப் பூட்டினோம். பாகங்களைத் தேர்ந்தெடுத்தது அவள், ஸ்க்ரூ முடுக்கியது நான். ஆகவே டாக்டர் அவள்தான். இன்று சத்தம்கூட இல்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றேன். கேபிளை மாற்றச் சொன்னாள். டிவியில் மாட்டச் சொன்னாள். டிவியிலும் இருட்டு.

"அப்போ மானிட்டர் மேல தப்பில்ல. நாளைக்கு ரேம் பாப்போம்."

நாளைக்கு! சாதாரண நாளில் அவள் போனே செய்யமாட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

"ரேமைப் பயப்படாம அமுக்குப்பா. டக்குனு சத்தம் வரணும்." பத்து மாடி லிஃப்டை நிறுத்தி வேலை பார்க்கிறவன், சீப்பளவு ரேமுக்கு வியர்த்து வழிந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். திரை வரவில்லை.

மார்ச் 12, புதன்

அவள் கூப்பிடுமுன் நானே கண்டுபிடித்துவிட்டேன். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு தன் கனத்தில் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. கழற்றி அழுத்தி மாட்டி, அடியில் ஒரு துணிக் கிளிப்பை முட்டுக்கொடுத்து, சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. கேம் தானாகத் திறந்துகொண்டது.

போன் அடித்தது.

"வந்துச்சாப்பா?"

"இல்லடா குட்டி."

ஏன் அப்படிச் சொன்னேன்? வந்தது என்றால் அவள் இனித் தினமும் கூப்பிட மாட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

மதர்போர்டில் இருக்கிற பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னாள். கட்டிலில் படுத்தபடியே "ம், கழட்டிட்டேன்" என்றேன். வெட்கம் கெட்டவன். தலைக்கு மேலே வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன. ஆனால் பள்ளிக்கூடக் கதை, தோழியோடு போட்ட சண்டை, எல்லாம் சொன்னாள். என் வீட்டில் எதுவுமே சரியாகாமல் இருக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

போனிலேயே சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை விமானம். தெரியாதவன்போல் கேட்டுக்கொண்டேன். பிறகு முடியவில்லை, அழுதுவிட்டேன். அவளும்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "கேம் திறந்தா உன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வரும்ப்பா. புதன்கிழமையே பாத்துட்டேன்."

"அப்புறம் எதுக்குடி பேட்டரியைக் கழட்டச் சொன்ன?"

"சும்மாதான்."

மார்ச் 20, வியாழன்

போய்விட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

பெட்டியைப் போட்டேன். அவள் பேர் சாம்பல் நிறம். தனியாகப் பாலத்தைக் கடந்தேன். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

இத்தனை நாளும் "நல்லா இருக்கேன்ப்பா" என்று மெசேஜ் மட்டும்தான். இன்று காலை, பழக்கதோஷத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"அப்பா, என் கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளே போயிடுச்சுப்பா. என்ன பண்றதுன்னே தெரியல."

என் திரையில் அவள் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"முதல்ல கேபிளை மாத்திப் பாருடா," என்றேன். "நாளைக்கு ரேம் பாப்போம்."