தெற்குப் பக்கம் வேலி இல்லை

மயிலாடி
ஜூன் 22

அன்பு மகள் ஜெஸ்பினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். மழை பிடித்ததும் கல்பட்டறைத் தூசி அடங்கி அப்பாவின் இருமல் பாதியாகிவிட்டது. பட்டியாலா பயிற்சி முகாமின் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் ஜெபம், தோள்வலி எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. நேற்றுத்தானே போனில் பேசினோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ சிரிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். எழுதும்போது என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

பின்பக்கம் உயரமாக ஒரு செடிவேலி வைக்கப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா. தெற்கு வீட்டு லீமா மாடி எடுத்து வெளியே படி கட்டியதிலிருந்து நம் பின்பக்கம் முழுவதும் அவள் கண்ணில்தான் இருக்கிறது. நூலக வேலை முடிந்து வந்து கிணற்றடியில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், எக்கா இன்னைக்கும் மீன் வாங்கலியா, புத்தகத்தைத்தான் கறி வைக்கப் போறியளா என்று படியில் நின்றே கேட்பாள். எனக்கு இது பழகிவிட்டது. ஆனால் டிசம்பரில் நீ வந்து மூன்று வாரம் குண்டு எறிந்து பயிற்சி செய்ய வேண்டுமே, அதற்குள் தோள் உயரத்துக்காவது ஒரு மறைப்பு எழும்பட்டும் என்று செடி தேட ஆரம்பித்தேன். நர்சரி ஞானசிங் அண்ணன் பத்து வருடம் கல்ஃபில் இருந்தவர், அவருக்கு எல்லாவற்றுக்கும் அங்கே பார்த்த கொனோகார்பஸ் செடிதான், ஒரே வருசத்துல ஆளு மறைஞ்சிரும் பாத்துக்கிடுங்க என்றார். அதன் வேர் தண்ணீரைத் தேடி வெகுதூரம் போகும் என்று படித்திருந்தேன், நம் கிணற்றை நினைத்து வேண்டாம் என்றேன். அரளி நல்ல உயரம், பூவும் அழகு, ஆனால் லீமாவின் ஆடு எட்டிக் கடித்தால் செத்துப்போகும். அவள் பார்வையை மறைக்கத்தான் வேலி, ஆட்டைக் கொல்ல இல்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி. கடைசியில் ஆடாதோடை என்று முடிவு செய்தேன். கம்பை ஒடித்து ஊன்றினால் போதும், ஆள் உயரத்தைத் தாண்டும், அடியிலிருந்தே இலை அடர்ந்து நிற்கும், ஆடு வாய் வைக்காது, அப்பாவின் இருமலுக்குக் கஷாயமும் ஆச்சு.

இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மூன்று பக்கமும் கயிறு கட்டிக் குழி எடுத்தேன், தெற்கே மட்டும் ஒன்பது குழி. அப்பா பட்டறையிலிருந்து வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் டேப்பை எடுத்து வந்து, நீ ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது நின்று எறியப் போட்டுத் தந்த சிமெண்ட் வளையத்தின் விளிம்பில் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். போன மாசம் பிள்ளை எவ்வளவு எறிஞ்சா என்று கேட்டார். பதினான்கு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றேன், எனக்கா மறக்கும். கயிறு வரைக்கும் அளந்தால் பதினான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர்தான். அப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. ஏட்டி, நீ அவளுக்கு வேலி வைக்கே, அவ எறிஞ்சா வேலியில இல்லா வந்து விழும் என்றார். பட்டறையில் அவர் உருண்டையாகக் கொத்திக் கொண்டுவந்த கல்குண்டை நீ முதன்முதலில் எறிந்தபோது அது முருங்கை மரத்தடியைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு இந்தப் பின்பக்கம் உனக்குக் கடல் மாதிரி இருந்தது. அது உனக்குப் போதாமல் ஆகிவிட்டதை ஒரு கயிறும் டேப்பும்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மண் படிந்த கையோடு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மக்கா. இத்தனை பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதோடு இன்னொன்றும் நினைவு வந்தது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது லீமா, பெம்பளப் பிள்ளைக்குக் கையில குண்டும் கல்லுமா, இத எவன் கெட்டிட்டுப் போவான் என்று கேட்டாள். மறுநாளே நான் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். யாருக்காக மறைக்கிய அம்மா என்று நீ கேட்டாய், உனக்காகத்தான் என்றேன். அது பொய். நான் வெட்கப்பட்டேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், ஊர் ஒரு வார்த்தை சொன்னால் தாங்கத் தெரியாது, அவ்வளவுதான். இந்த ஒன்பது குழியும் அந்தத் தார்ப்பாய்தான் என்று உட்கார்ந்த இடத்தில் எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து லீமா படியில் வந்து நின்று, என்ன எக்கா குழிக்குள்ள எதையும் தொலைச்சிட்டியளா என்றாள். அப்பா கணக்கைச் சொன்னார். அவள் இரண்டு படி இறங்கி வந்து வளையத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அப்பம் எங்க வாழைகிட்ட வந்து விழுமா என்று கேட்டாள். அடுத்த தடவை விழும் என்றேன். நானா சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம், உன்னைப் பற்றி அவளிடம் வாய் திறந்து சொன்ன முதல் பெருமை அது. விழட்டும் எக்கா, எறியதுக்கு முன்ன ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க, ஆட்ட அவுத்து மாத்திக் கெட்டுதேன், ஆனா நான் படியில நின்னு பாப்பேன், பாக்கப்பிடாதுன்னு சொல்லாதிய என்றாள். நான் சொல்லவில்லை.

கிழக்கும் மேற்கும் கம்பு ஊன்றியாயிற்று, தளிர் விட்டிருக்கிறது. நான் புத்தகத்தோடு உட்கார மேற்கு மூலை போதும். தெற்கே ஒன்பது குழியையும் மூடிவிட்டோம். நீ எறிந்த தூரத்தை அளந்து அந்த இடத்தில் அப்பா பழைய கல்குண்டைப் பாதி புதைத்து வைத்திருக்கிறார், வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, இரண்டு முட்டையோடு நிறுத்தாதே, எண்ணெய் தேய்க்காமல் தலை குளிக்காதே. கர்த்தர் உன் தோளுக்குப் பலமும் மனசுக்கு அமைதியும் தரட்டும். கல்குண்டிலிருந்து தெற்கு எல்லைக்கல்லுக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர்தான் இருக்கிறது. டிசம்பரில் அதைத் தாண்டி எறி மக்கா. நான் படியில் லீமா பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

என்றும் உன் அம்மா
எலிசா செல்வதாஸ்