துவைத்த கயிறு

பிப்ரவரி 3
கோடு போடும் கயிற்றை இன்று துவைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை போக, மைதானத்து ஓடுபாதையின் வளைவும் என் கைவேலை. முளையில் கயிற்றை மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துச் சுற்றி நடக்க வேண்டும், சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டே. பருத்திக் கயிறு, பதினோரு வருஷ அழுக்கு. வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட்டதும் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. விளையாட்டு மாஸ்டரிடம், "உங்க தொப்பியையும் குடுங்க சார், சேத்தே அலசிடறேன்" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. மழையில் கரைந்த கோட்டைப் புதிதாகப் போட்டாயிற்று.

பிப்ரவரி 9
நானூறு மீட்டருக்கு என் மகள் எப்போதும் அறுபத்தைந்து நொடி. இன்று அறுபத்து மூன்று! "என்னடி, நாய் துரத்துச்சா?" என்றேன். முறைத்தாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 11
எல்லோருமே வேகமாக ஓடுகிறார்கள். குண்டு எறிகிற 'மூட்டை'கூட. தன் பயிற்சிதான் காரணம் என்கிறார் மாஸ்டர்.

பிப்ரவரி 17
காலைப் பனியில் பழைய கோடு லேசாகத் தெரிந்தது. புதுக் கோட்டுக்கு வெளியே, என் காலால் இரண்டு எட்டு தள்ளி.
கயிறு சுருங்கிப் போயிருக்கிறது. பிள்ளைகள் வேகமாகவில்லை. பாதைதான் குறைந்திருக்கிறது.
யாரிடம் சொல்ல? வேலை போகும். போகட்டும். அவள் முகம்?

பிப்ரவரி 20
விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அறுபத்து நாலுக்குள் ஓடினால் இடம். மார்ச் 12, டவுன் மைதானத்தில். அன்றைக்குத்தான் இங்கே கணக்குப் பரீட்சையும். எழுதாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம்.
கணக்கு டீச்சர் கூப்பிட்டார். "நல்லா கணக்குப் போடற பொண்ணும்மா. ரெண்டு நொடிய நம்பி ஒரு வருஷத்தத் தூக்கிப் போடலாமா? நீங்க சொன்னாக் கேப்பா."
நான் அஞ்சாவதோடு நின்றவள், எனக்கு ரெண்டும் ஒன்றும் எங்கே தெரியும் என்று கிண்டலடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24
யாருக்கும் சொல்லாமல், புதுக் கயிறு கட்டிப் பழைய கோட்டின் மேலேயே போட்டேன். அறுபத்தைந்து. திமிர் வந்துவிட்டது என்று மாஸ்டர் கத்தினார். அவள் திரும்பத் திரும்ப நாலு தடவை ஓடி, வேலியோரம் வாந்தி எடுத்தாள். ராத்திரி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 25
விடிவதற்குள் நேற்றைய கோட்டை அழித்துவிட்டு, துவைத்த கயிற்றையே மறுபடி கட்டிக் கோடு போட்டுவிட்டேன்.
அறுபத்து மூன்று. ஓடி வந்து கட்டிக்கொண்டாள், வேர்வையோடு. பாவி, என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்?

மார்ச் 4
பரீட்சை வேண்டாமென்று தாள் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.
"அம்மா, ஜெயிச்சிருவேன்ல?"
"நீ ஓடினா காத்துக்கே மூச்சு வாங்கும்டி."

மார்ச் 11
பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். சொல்ல வாயெடுத்தேன். பஸ் நகர்ந்துவிட்டது. அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன். பஸ் கால் மணி நேரம் நின்றது.

மார்ச் 12
பரீட்சைக் கூடத்தைப் பெருக்கினேன். மூன்றாவது வரிசையில் அவள் எண் ஒட்டிய மேசை. தூசி தட்டினேன். மணி அடித்தது, எல்லோரும் உட்கார்ந்தார்கள், அது மட்டும் காலி. கணக்கு டீச்சர் என்னைப் பார்க்கவேயில்லை.
பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன். ஓடி முடித்துவிட்டாளாம். நொடி எத்தனை என்று நான் கேட்கவில்லை. மூச்சு வாங்கியது அவளுக்கு.
"அம்மா... இங்க கடைசி வளைவு முடியவே மாட்டேங்குதும்மா."
நான் ஏதாவது கிண்டலாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள்.