பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் கோட்டு

ஆல்கோமா, விஸ்கான்சின்
மார்ச் மாதம், ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் நார்பெர்ட்டுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முட்டியைத் தவிர நாங்கள் எல்லாரும் சுகம். ஹொனலுலு வெயிலில் உனக்கு ஒரு குறையும் இருக்காது என்று தெரியும், இருந்தாலும் பெற்றவள் கேட்காமல் இருக்க முடியுமா, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, பூசைக்குப் போகிறாயா? மூன்றாவதற்குப் பதில் எழுத வேண்டாம், பொய் சொல்லிப் பாவம் சேர்த்துக்கொள்ளாதே. இங்கே இன்னும் வாசலில் பனி வாரிக்கொண்டிருக்கிறோம், நான் வாருகிறேன், அப்பா ஜன்னல் வழியாக எங்கே வார வேண்டும் என்று கைகாட்டுகிறார்.

நம் ஃபுட்பால் அணி ஜனவரியிலேயே தோற்று வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் ஊர் வாய் இன்னும் ஓயவில்லை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகும் இடத்தில் பேசுகிற பேச்சைக் கேட்டால், அணி அலுவலகத்தில் எதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். உன் அக்கா புருஷன் க்ளென் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயரையும் காந்தத் துண்டில் எழுதி நம் வீட்டு ஃபிரிஜ்ஜில் ஒட்டிவிட்டான். உன் பட்டமளிப்புப் போட்டோவை மைக்ரோவேவ் பக்கம் தள்ளிவிட்டு, அங்கே இப்போது தடுப்பாட்டக்காரர்கள் நிற்கிறார்கள். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு மேல்வரம்பு உண்டே, அதனால் ஒருவனை வைத்தால் இன்னொருவனை அனுப்ப வேண்டும், அந்த வழக்கு தினமும் என் அடுப்படியில்தான் நடக்கிறது, காபி போட்டு மாளவில்லை.

பெரிய சண்டை ரஸ்முசனைப் பற்றி. கடைசி ஆட்டத்தின் கடைசி உதையைக் கம்பத்தில் அடித்து நம்மை வெளியே அனுப்பியவன் அவன்தானே. அப்பாவுக்கு அவன் கோயில் சிலை மாதிரி. "பதினாறு வருஷம் உதைச்ச காலுடி அது, ஒரு உதை தப்பினதுக்குத் தூக்கிப் போடுவியா?" என்று மேசையைத் தட்டினார். நான் விடவில்லை. மீன் சாப்பிட வந்த பாதி ஊர் கேட்க, "பாசம் பந்து உதைக்காது. பாதி சீசன் இடுப்பு வலின்னு வீட்ல உக்காந்திருந்தான். வராதவனுக்கு இடம் எதுக்கு? புதுசா ஒரு பையனுக்குக் குடுங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள், எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது. வாய் சும்மா இருந்தால் வம்பு ஏது.

மறுநாளே அரங்கத்திலிருந்து நாம் வருஷா வருஷம் பணம் கட்டி வைத்திருக்கும் நான்கு இடங்களையும் இந்த வருஷத்துக்கும் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நம்ம வீட்டு அணியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். அவர் எங்கே வருகிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீ போன ஆறு வருஷமாக உன் இடத்தில் நீ விட்டுப்போன பச்சைக் கோட்டைத்தானே விரித்து வைக்கிறேன். வேறு யாரையும் உட்கார விட்டதில்லை, பின் வரிசைக்காரர் முனகினாலும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அப்பா சொன்னார், "ஊர்ல அவனவன் இப்படி ஒரு இடத்துக்கு முப்பது வருஷம் வரிசையில காத்துக் கெடக்கான். இங்க ஒரு கோட்டு ஓசியில ஆட்டம் பாக்குது. கைதட்டாது, கத்தாது, ஒரு பீர் கூட வாங்கிக் குடுக்காது. க்ளென்னுக்குக் குடுத்துடலாம். ஞானஸ்நானத்தன்னிக்கே அவன் பேரை வரிசையில போட்டாங்க, இன்னும் ஆள் கூப்பிடல, பாவம்."

வீட்டில் ஓட்டு எடுத்தோம். க்ளென்னுக்கு ஓட்டு கிடையாது என்று வெளியே பனி வார அனுப்பினேன். அப்பா அவன் பக்கம். உன் அக்கா லுவான் உன் பக்கம், பாசத்தில் என்று நினைத்துவிடாதே, "வீட்லதான் காதுகிட்ட கத்தறாரு, அங்கயாவது என்னை நிம்மதியா விடுங்க" என்றாள். கடைசி ஓட்டு என்னுடையது. "அவன் என்னிக்காவது வருவான்" என்று என்னவோ உளறினேன். அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வராதவனுக்கு இடம் எதுக்குன்னு நேத்து யாரோ சொன்னாங்களே, யாருன்னு ஞாபகம் இருக்கா பெர்னடீன்?" என்றார். லுவான் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது கண்ணு. "குடுங்க, க்ளென்னுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். ஆக, நம் வீட்டு அணியிலிருந்து உன்னைக் கழற்றிவிட்டது அப்பா இல்லை, நான்தான்.

வியாழக்கிழமை ரஸ்முசனையும் அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே டிவி பார்த்தேன். எதை நினைத்து ஏங்குவீர்கள் என்று ஒரு நிருபர் அவனிடம் கேட்டார். கோப்பையைச் சொல்லவில்லை, கூட்டத்தைச் சொல்லவில்லை, கோடைப் பயிற்சிக்கு மைதானம் வரை ஊர் வழக்கப்படி தான் இரவல் வாங்கி ஓட்டிப்போன சின்னப் பையன்களின் சைக்கிள்களையும், தன் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடிவந்த அந்தப் பையன்களையும்தான் சொன்னான். அவன் உன் சைக்கிளைக் கேட்டு வாங்கியபோது உனக்குப் பதினொரு வயது. உன் நீலச் சைக்கிளின் சீட்டு அவன் பாரத்தில் வளைந்ததும், அதை நிமிர்த்தவே கூடாது என்று நீ அழுததும் ஞாபகம் இருக்கிறதா? இன்னும் கார் கொட்டகையில் வளைந்தபடியேதான் இருக்கிறது. எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அப்பா ஒரு கிண்டலும் செய்யாமல் பக்கத்தில் வந்து மீதிக் கிழங்கை உரித்தார், முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கிழங்கு உரித்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அணி விடுவித்தவன் யாரோடு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்பதுதானே சட்டம். என்னோடு போடு. ஒரே ஒரு ஆட்டத்துக்கு ஊருக்கு வா, டிசம்பரில் கடைசியாக இங்கே நடப்பது. என் இடத்தில் நீ உட்கார், நான் வண்டி நிறுத்தும் இடத்தில் காரில் இருந்து ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன், அங்கே கூட்டம் கத்துவது கேட்கும், அதில் உன் குரலும் இருந்தால் எனக்குப் போதும். இதை அப்பாவிடம் சொன்னேன். "நீ தனியா கார்ல உக்காந்து எல்லா சாசேஜையும் காலி பண்ணவா? நானும் அங்கதான் இருப்பேன்" என்கிறார். ஆகவே இரண்டு இடம் காலி. போனில் பேசும்போது உன் பின்னால் சிரிக்கிறாளே ஒரு பெண், அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஒப்பந்தத்தில் அவள் பெயர் தெரியாமல் எழுத முடியவில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், கடலில் ரொம்ப தூரம் நீந்தாதே, பழமாகவே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. மறந்துவிட்டேனே, உன் கோட்டைத் துவைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஒப்பந்தத்தில் முதல் கையெழுத்து,
உன் அம்மா பெர்னடீன்