எலுமிச்சை அளவில் இருந்தபோது

வேலப்பன்சாவடி
5.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாளை உனக்கு ஆபரேஷன். நேரில் சொல்லத் தைரியமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் உன்னை என் கம்பெனிச் சலுகையில் உடம்புப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேனே, "எல்லாம் நார்மல், வெறும் கேஸ் ட்ரபிள்தான்" என்றேன். பொய். என் கைக்கு வந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் வயிற்றுக்குள் எலுமிச்சை அளவு கட்டி என்று இருந்தது. அப்போது என் மகள் ரெனிதாவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். குடும்பத்தில் கேன்சர் என்றால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்கள் என்று மறைத்தேன்.

என்னை மன்னித்துவிட்டுப் போ, அக்கா.

கண்ணீருடன்,
உன் தம்பி பிராங்க்


பருத்திப்பட்டு
3.2.2025

தம்பி பிராங்க்,

போன் செய்யாதே. கடிதத்தில்தான் நீ குறுக்கே பேச முடியாது.

மன்னித்துவிட்டு எங்கேடா போக? இங்கேதான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். அது கேன்சரே இல்லை. வயிற்றுக்குப் பின்பக்கம், முதுகெலும்பு ஓரம் நரம்பின் உறையில் முளைத்த கட்டி. அபூர்வமாம், ஆனால் சாதுவாம். அறுத்தெடுத்துப் பரிசோதித்த பிறகுதான் டாக்டர் ராதிகா உறுதியாகச் சொன்னார். "சின்னதா இருந்தப்பவே வந்திருந்தா நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். வார்டு ஆயா பொன்னம்மாள் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை: "இன்னாக்கா, சாத்துக்குடிய உள்ள வச்சிகினா ஓமத்தண்ணி குடிச்சிகினு இருந்தே?"

குடித்தேன். இரண்டு வருஷம், சபை முழுக்க ஏப்பக்காரி என்று பேர் வாங்கினேன். ரெனிதா கல்யாணத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே பந்தி விசாரித்தேன். இப்போது இடது தொடை மரத்துப்போய்விட்டது. முந்தாநாள் சுடச்சுடக் காபி கொட்டியது, புடவை நனைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று நீ சபையில் எழுந்து, "என் ஜெபத்தால் அக்காவின் கேன்சர் கரைந்தது" என்று சாட்சி சொன்னாயாம். பக்கத்து வீட்டு கிறிஸ்துதாஸ் அண்ணன் வந்து பூரித்துப்போகிறார். கரையவில்லையடா! ஐந்து மணி நேரம் அறுத்தார்கள்!

வரும் ஞாயிறு அதே இடத்தில் நின்று அந்தப் பழைய ரிப்போர்ட்டை வாசி. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா ஞானகுமாரி


வேலப்பன்சாவடி
6.2.2025

அன்புள்ள அக்கா,

ரெனிதாவின் மாமியாரும் அதே சபைதான். யோசித்துப் பார். கட்டி சாதுதானே? உயிருக்கு ஒன்றுமில்லையே? நான்தான் மன்னிப்பும் கேட்டாயிற்றே? இதை இதோடு விடு, அக்கா.

உன் பிராங்க்


பருத்திப்பட்டு
10.2.2025

திரு. பிராங்க் அவர்களுக்கு,

நேற்று கிறிஸ்துதாஸ் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். உங்கள் நாற்காலி காலி. இனி பூந்தமல்லி சபைக்குப் போகப்போகிறீர்களாம்.

நல்லது. அங்கே நாற்காலி போடுவார்களா, பாய்தானா என்று மட்டும் எழுதுங்கள். தரையில் உட்கார்ந்தால் இந்தக் கால் எழுந்திருக்காது.

பக்கத்தில் ஆவடியிலிருந்து அங்கே நேர் பஸ் இருக்கிறதாம். விசாரித்துவிட்டேன்.

ஞானகுமாரி