பரிசோதனைக்குப் போகாத துண்டு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலந்தானே? கண்ணீர்ப் பை அடைத்திருக்கிறது என்று போன வருடம் என் இடது கண்ணோரத்தில் ஆபரேஷன் செய்தாயே, அதே இடத்தில் மறுபடியும் பட்டாணி அளவு வீக்கம். அமுக்கினால் ரத்தம் கலந்து நீர் வருகிறது. பாடம் நடத்தும்போதே வழிகிறது. "டீச்சர், ஏன் அழறீங்க?" என்று பிள்ளைகள் கேட்கின்றன. மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அன்பு அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

வேலை தலைக்கு மேல், கோபித்துக்கொள்ளாதே. அது பழைய அடைப்புதான். தழும்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசியும். சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன். கண்டவர்களிடம் காட்டிக் குழம்பாதே. கண் டாக்டர் நானா, நீயா? ஒன்றைப் பத்தாக்குவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

உன் சொட்டு மருந்தை இரண்டு மாதம் விட்டேன். வீக்கம் கண்ணையே மறைக்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணீர்ப் பையில் புற்றுநோய். மிக அபூர்வமாம். பையையும் குழாயையும் மூக்கெலும்பில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர்வீச்சு நடக்கிறது.

அபூர்வ நோய், தெரியாமல் விட்டுவிட்டாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று உன் நர்ஸ் என்னைப் பார்க்க வந்தாள். போன வருடம் நீ பையைத் திறந்தபோதே உள்ளே சதை வளர்ந்திருந்ததாம். "சார், ஒரு துண்டு டெஸ்ட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "எங்க அக்காதானே, ஒண்ணும் இருக்காது. தையலைப் போடு, எனக்கு ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்றாயாமே.

மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அவள் சாட்சி சொல்வாள்.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்கா,

உன் காலில் விழுகிறேன். அவள் சொன்னது உண்மை. வேறு யாராவது என்றால் அனுப்பியிருப்பேன். நீ என்பதால் அசட்டையாக இருந்துவிட்டேன். புகாரை வாபஸ் வாங்கிக்கொள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இருபது வருட உழைப்பு மண்ணாகிவிடும்.

உன் தம்பி

டிசம்பர் 11

தம்பிக்கு,

உன்னை வெளியே அனுப்பிய பிறகு விசாரணை அறையில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைவர் என் முகத்தைப் பார்த்தார். "கூடப் பொறந்தவர். நீங்களே இப்படி அழறீங்க. எச்சரிக்கையோட விட்டுடலாமாம்மா?" என்றார்.

நான் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இது அழுகை இல்லீங்க ஐயா. கண்ணீர் இறங்குற வழியையே வெட்டி எடுத்துட்டாங்க. இனி சாகுற வரைக்கும் இப்படித்தான் வழியும். நீங்க தண்டனையை எழுதுங்க" என்றேன்.

இரண்டு வருடம் நீ வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எழுதினார்கள். நான் ஐந்து கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறேன். நான் பார்த்துவிட்டுத் திரும்பும்வரை நீ அந்த வீட்டில் இருக்காதே.

அக்கா