இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் தகவல்

வில்பட்டி
4.2.2024

ரஷாத் மச்சானுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும்.

இல்லை, போனில் நீங்கள் சொன்னதுபோல் அது கீரி இல்லை. கீரியை எனக்குத் தெரியும். நம் பழனி வீட்டுக் கொல்லையில் உங்களோடு நின்றுதான் பார்த்தேன்.

இது மரத்தில் இருந்தது. ஓடைக்கு மேலே, கேரட் தோட்டம் முடிகிற இடத்தில். உடம்பு கறுப்பு. கழுத்து மஞ்சள், கிட்டத்தட்ட ஆரஞ்சு. நின்றது. என்னைப் பார்த்தது. போய்விட்டது. பனியில் நிற்காதே, வெரசா வா என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளுக்கான நம் புத்தகத்தில் அலங்கு, தேவாங்கு, சருகுமான் எல்லாம் முடிந்தன. இந்த ஒன்றுதான் பாக்கி. பதிப்பகத்தில் மறுபடி கேட்டுவிட்டார்கள். இடப்பக்கம் என் பாட்டு, வலப்பக்கம் உங்கள் தகவல். நம்மில் ஒருவராவது கண்ணால் பார்த்த விலங்காக இருக்க வேண்டும் என்பது நீங்கள் வைத்த விதி. நான் பார்த்தேன்.

கழுத்தில் மஞ்சள் பூசிக்
கிளையில் ஒருத்தி வந்தாள்
யாரும் பார்க்கும் முன்னே
இலையாய்ப் போய்விட்டாள்

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, விலங்குகளைப் பற்றி மட்டும் கடிதம் எழுதிக்கொள்வோம் என்றீர்கள். அதன்படி எழுதியிருக்கிறேன்.

அல்மாஸ்

*

பழனி
11.2.2024

அன்புள்ள அல்மாஸ்,
வ அலைக்கும் ஸலாம்.

பாட்டு நன்றாக இருக்கிறது. அலங்குப் பாட்டைவிட மேல். ‘உருண்டுகொண்டது அலங்கு, உள்ளே யாரும் இல்லை, கதவு எங்கே என்று கேட்டால், காது கேட்கவில்லை’ என்று எழுதிவிட்டாய். அலங்குக்குக் காது கேட்கும் என்று நான் வலப்பக்கத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

நீ சொல்வது நீலகிரி மார்ட்டென். நீர்நாய்க் குடும்பம். வில்பட்டிப் பக்கம் பார்த்ததாக என்னிடம் இருக்கும் எந்தக் குறிப்பிலும் இல்லை. எவ்வளவு தூரத்தில் நின்றது? எவ்வளவு நேரம்? வெயில் எந்தப் பக்கம்? கண்ணாடி போட்டிருந்தாயா? பொய் என்று சொல்லவில்லை. அச்சில் வந்தால் குழந்தைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். அதுதான் பயம். மலை அணில் என்று வைத்துக்கொண்டால் என்ன? பாட்டில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

கல்லூரியில் தேர்வு வேலை. வீட்டில் குழாய் மறுபடி ஒழுகுகிறது. சாப்பாடு பெரும்பாலும் அடிவாரத்துக் கடையில்தான். உடம்பு எப்படி இருக்கிறது? ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்பதை மறக்காதே. சும்மா படுத்தே கிடந்தால் சோர்வு கூடத்தான் செய்யும்.

ரஷாத்

*

வில்பட்டி
19.2.2024

ரஷாத் மச்சானுக்கு,
ஸலாம்.

கண்ணாடி போட்டிருந்தேன்.

தூரம், நேரம், வெயில். இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. போன வருஷம், சோர்வாக இருக்கிறது என்று சொன்னபோதும் இப்படித்தான் கேட்டீர்கள். எங்கே, எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது, “ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்கள்ல, பெறகென்ன” என்றீர்கள். உங்கள் குரலில் அவ்வளவு நிம்மதி. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்துவைக்க முடியவில்லை.

சோர்வுக்கு மஞ்சள் கழுத்து கிடையாது மச்சான். அடையாளம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் அப்படியேதான். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஏறி வரும்போது நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. அம்மா ஒன்றும் கேட்பதில்லை. தலையணையைத் தட்டிப் போடுகிறாள்.

மலை அணில் என்று மாற்ற மாட்டேன். நான் பார்த்தது மலை அணில் இல்லை. நான் சொன்னேன் என்பதற்காக மட்டும், வேறு எந்த அத்தாட்சியும் இல்லாமல், அந்த வலப்பக்கத்தை உங்களால் எழுத முடியுமா? முடியும் என்றால் பழனிக்குத் திரும்பி வருகிறேன்.

விலங்குகளைப் பற்றி மட்டும் என்ற பேச்சை மீறிவிட்டேன். மன்னிக்கவும்.

அல்மாஸ்

*

பழனி
3.3.2024

அன்புள்ள அல்மாஸ்,

நீ சொன்னது சரி. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் கழுத்து, நீண்ட வால், எல்லாம் தெளிவு.

கூட வேலை பார்க்கும் கதிர்வேலிடம் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை இரவல் வாங்கினேன். நீ சொன்ன ஓடைக்கு மேலே, தோட்டக்காரர் வேலப்பனிடம் கேட்டு, மரத்தில் கட்டினேன். கட்ட ஒரு தரம், அவிழ்க்க ஒரு தரம் வந்தேன். “என்ன மாப்ள, மாமனார் வீடு அந்தா கெடக்கு, நீங்க மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க” என்று அவர் சிரித்தார். வெறுங்கையோடு உன் முன்னால் வர மனம் வரவில்லை. உறுதியாகத் தெரியட்டும் என்று இருந்தேன்.

வலப்பக்கம் தயார். ‘நீலகிரி மார்ட்டென் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்கிறது. பெரும்பாலும் பகலில் திரியும். மரம் ஏறுவதில் கெட்டி. சிறு விலங்குகளையும் பறவைகளையும் பிடித்துத் தின்னும். பழமும் தேனும்கூடத் தின்னும். பார்ப்பது அரிது.’ போதுமா?

வரும் ஞாயிறு வருகிறேன். நோன்புக்கு நம் வீட்டில் இருக்கலாம். பையை எடுத்து வை.

ரஷாத்

*

வில்பட்டி
7.3.2024

ரஷாத் மச்சானுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும்.

படம் வந்தது. அதே கழுத்து. அத்தா அதைக் கடைக்கு எடுத்துப்போய், தைலம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

இவ்வளவு தூரம் மலையேறி வந்து மரத்தில் கேமரா கட்டியது அன்பினால்தான். தெரிகிறது. வேறு யாரும் எனக்காக இதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் நான் கேட்டது அது இல்லை. படம் இல்லாமல் முடியுமா என்று கேட்டேன். நீங்கள் படத்தோடு வந்திருக்கிறீர்கள்.

நான் சொன்னதும் கேமரா சொன்னதும் ஒன்றுதான். கேமரா சொன்ன பிறகுதான் உங்களுக்குக் கேட்டது. இந்தத் தரம் படம் கிடைத்தது. உடம்புக்குள் எந்த மரத்தில் கட்டுவீர்கள்?

கோபம் இல்லை. கோபப்படத் தெம்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நோன்பு எனக்கு இங்கேதான். பெருநாள் கழியட்டும். பெரியவர்களை வைத்துப் பேசிப் பிரிந்துகொள்ளலாம்.

மற்ற வலப்பக்கங்களில் உங்கள் எழுத்தும் பெயரும் அப்படியே இருக்கும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே எழுதினேன். ‘இதை வில்பட்டியில் ஒரு காலையில் பார்த்தேன். கழுத்து மஞ்சள். நீங்களும் பார்த்தால் வீட்டில் சொல்லுங்கள்.’ படத்தைச் சேர்க்கவில்லை.

இன்று வெள்ளனே கொடைக்கானல் தபால் நிலையத்துக்குப் போய் அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்து, அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டு, மத்தியானம் வரை தூங்கினேன்.

அல்மாஸ்